மேம்பால இணைப்பில் ஊற்றிய தார்: கத்திரியில் பள்ளம், மார்கழியில் பிளவு

வாசகர் கேள்வி, 21 மே 2023

"எங்கள் பகுதி மேம்பாலத்தில் மூன்று இடங்களில் விரிவிணைப்பு (வெயிலில் தளம் விரிய விட்டிருக்கும் இடைவெளியை மூடும் இணைப்பு) உண்டு. பழைய இரும்பு இணைப்புகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு, ஜல்லியும் தாரும் சேர்த்து ஊற்றி மூடினார்கள். முதலில் சத்தமில்லாமல் நன்றாகத்தான் இருந்தது. இப்போது சிக்னல் பக்கத்து இணைப்பில் சக்கரத் தடத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம். நடு இணைப்பில் விளிம்போரமாக நெடுகப் பிளந்திருக்கிறது. மட்டமான தாரை ஊற்றிவிட்டார்கள் என்கிறேன். லாரிகளின் பாரம்தான் காரணம் என்கிறார் ஒப்பந்ததாரர். யார் சொல்வது சரி?"

21 மே 2023, இரவு

நீங்கள் சொல்வதுதான் சரி. சாலைக்குப் போடும் வி.ஜி.30 என்ற வகைத் தாரின் மென்மையாகும் நிலை, அதாவது அது இளகும் வெப்பம், குறைந்தது 47 டிகிரி இருந்தால் போதும் என்கிறது இந்தியத் தரநிலை. கத்திரி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கறுத்த சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். சாலையில் தார் மெல்லிய பூச்சாக இருக்கிறது, பாரத்தை ஜல்லியே ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்கிறது. இணைப்பில் அப்படி இல்லை. அங்கே ஜல்லி தாருக்குள் மிதக்கிறது என்றே சொல்லலாம். அதனால்தான் இந்த வேலைக்கு எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் போன்ற பாலிமரைக் கலந்த தனி வகைத் தார் உண்டு. அமெரிக்கத் தரநிலை அதற்குக் குறைந்தது 83 டிகிரி கேட்கிறது.

60 டிகிரி வெயிலில் 47 டிகிரித் தாரை வைத்தால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

23 மே 2023

பாலம் எவ்வளவு அசையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கான்கிரீட்டின் விரிவுக் கெழு ஒரு டிகிரிக்கு 0.000012. ஒரு கண், அதாவது தூணுக்குத் தூண் உள்ள நீளம், 20 மீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். குளிருக்கும் வெயிலுக்கும் இடையே தளத்தின் வெப்பம் 30 டிகிரி மாறினால் 20,000 × 0.000012 × 30 = 7.2 மி.மீ. தார் இணைப்புக்கு 25 மி.மீ. வரை அனுமதிக்கிறது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. 7 மி.மீ. அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே நடு இணைப்பு பிளந்ததற்கும் தார்தான் காரணம்.

24 மே 2023

நேற்று எழுதியது தவறு. ஆறு கண்கள் என்கிறீர்கள், இணைப்புகளோ மூன்றுதான். அப்படியானால் மும்மூன்று கண்களைத் தளத்தில் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். 60 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள். ரப்பர் தாங்கிகள்மேல் உட்கார்ந்த துண்டு நடுவிலிருந்து இரு பக்கமும் விரியும். இரு முனைகளிலும் உள்ள இணைப்புகளுக்கு 30 மீட்டரின் அசைவு, அதாவது 10.8 மி.மீ. நடு இணைப்புக்கோ இரண்டு துண்டுகளும் ஆளுக்குப் பாதி அனுப்புகின்றன. 21.6 மி.மீ. வரம்பு 25. காகிதத்தில் உள்ளே இருக்கிறது, வாசற்படியில் நிற்கிறது.

கண்ணின் நீளத்தைப் பார்த்தேன், இணைப்புகளை எண்ணவில்லை. முப்பது வருடம் இதே வேலையைச் செய்தவன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

2 ஜூன் 2023

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கேள்வி கேட்டவர் தண்ணீர்ப் பாட்டிலும் இரண்டு குடையுமாகக் காத்திருந்தார். பிற்பகல் இரண்டேகால். அகச்சிவப்பு வெப்பமானியைச் சிக்னல் பக்கத்து இணைப்பில் காட்டினேன்: 61 டிகிரி. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பிறைபோலத் தடம் பதிகிறது, அரை நிமிடமாகியும் மறையவில்லை. பள்ளத்தில் அளவுகோலை நிறுத்தினேன், 22 மி.மீ. பள்ளத்துக்கு முன்புறம், அதாவது வண்டிகள் போய் நிற்கும் திசையில், வரப்புபோல ஒரு மேடு.

அந்த மேட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நின்ற இடத்தில் அமுக்கினால் பள்ளம் மட்டும் விழும். மேடு எழுந்தால் பிரேக் போடும் வண்டிகள் தாரை முன்னே தள்ளுகின்றன என்று பொருள். சிக்னல் விழுந்தால் பஸ்ஸின் முன்சக்கரம் சரியாக அந்த இணைப்பின்மேல் நிற்கிறது. வேகமாகக் கடக்கும் சக்கரத்துக்கு இந்தத் தார் ரப்பர்போல எதிர்த்து நிற்கும். நின்று அழுத்தும் சக்கரத்துக்குக் கூழ்போல இடம் கொடுத்துவிடும். லாரிப் பாரம் என்று ஒப்பந்ததாரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் பாரத்தைவிட அது நிற்கும் நேரம் பெரிது.

நடு இணைப்பில் பள்ளமே இல்லை. அதே தார், அதே வெயில், அதே பஸ்கள். விளிம்பில் மட்டும் மயிரிழைபோல ஒரு கோடு, பாலத்தின் இந்தக் கைப்பிடியிலிருந்து அந்தக் கைப்பிடி வரை. "டிசம்பரில் என் சாவி நுழைந்தது, ஐயா" என்றார் கேள்வி கேட்ட நண்பர். வெயிலில் தளம் விரிந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

ஆக இங்கே இரண்டு நோய்கள். ஒரே மருந்தைச் சொன்னேனே என்று வருத்தமாக இருக்கிறது.

கிளம்பும் முன் ஏணி வைத்து நடுத்தூணின் தலைமேல் ஏறினோம். இரண்டு தளங்களின் கான்கிரீட்டிலும் பக்கத்துக்கு ஓர் எஃகு ஆணி அடித்து, ஆணித் தலைகளுக்கு இடையே அளந்து, சுவரில் தேதியோடு எழுதிவிட்டு இறங்கினோம்: 212 மி.மீ.

3 ஜூன் 2023

இந்த இணைப்பு எப்படிப் போடப்படுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சாலையை அரை மீட்டர் அகலத்துக்கு வாள் சக்கரத்தால் அறுத்து, 75 முதல் 100 மி.மீ. ஆழத்துக்குக் கான்கிரீட் தெரியும்வரை பெயர்ப்பார்கள். சூடான காற்றைப் பீய்ச்சி ஈரத்தையும் தூசியையும் ஓட்டுவார்கள். இடைவெளியில் வெப்பம் தாங்கும் நுரைக் கயிற்றைத் திணித்து, மேலே சூட்டுத் தாரை ஊற்றி, இடைவெளியை மூடி 200 மி.மீ. அகல உலோகத் தகடுகளை வரிசையாக வைப்பார்கள். அதற்கு மேல் சூடாக்கிய ஒற்றை அளவு ஜல்லி ஓர் அடுக்கு, அது மூழ்கத் தார், மறுபடி ஜல்லி, மறுபடி தார். கடைசி அடுக்கை அதிர்வுப் பலகையால் இறுக்குவார்கள். ஒரே இரவில் முடிந்துவிடும், ஆறினதும் வண்டி விடலாம். அதிகாரிகளுக்கு இது பிடித்துப்போவதற்கு அதுதான் காரணம். வண்டியில் போகிறவர்களுக்கும் "தடக் தடக்" கிடையாது. ஆம்புலன்ஸில் இடுப்பெலும்பு உடைந்து படுத்திருப்பவரைக் கேட்டால் தெரியும் அதன் அருமை.

என் முதல் தார் இணைப்பு 2009இல், ஜனவரி மாத நள்ளிரவு. கொப்பரையருகே நின்ற மேஸ்திரி எனக்குச் சொன்னது: "கல் காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்காதீர்கள் சார், காதால் கேளுங்கள்." ஒரு கரண்டித் தாரை ஜல்லிமேல் ஊற்றினார். அப்பளம் பொரிவதுபோலச் சடசடத்தது. கல்லை மறுபடியும் சூட்டு உருளைக்குள் கொட்டச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து ஊற்றியபோது தார் சத்தமின்றிக் கல்லைச் சுற்றி வழிந்தது. அவர் பள்ளிக்கூடம் தாண்டாதவர். தாருக்கும் கல்லுக்கும் நடுவே ஈரம் நின்றால் ஒட்டாது என்பதை அவரளவுக்குத் தெளிவாக எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் காட்டவில்லை.

11 ஜூன் 2023

"தார்" என்று எழுதுவது தவறு, "பிட்டுமின்" என்று எழுதுங்கள் என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். அறிவியல்படி அவர் சொல்வது சரி. நிலக்கரியைக் காய்ச்சி வடிக்கும்போது கிடைப்பது தார். கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் மிஞ்சுவது பிட்டுமின். ஆனால் தார்ச்சாலை என்றுதானே நாம் எல்லோரும் சொல்கிறோம், நான் அப்படியே எழுதுகிறேன்.

பாடப்புத்தகச் சொல் நிலக்கீல். அந்தச் சொல்மேல் எனக்கு ஆசை உண்டு. கீல் என்றால் கப்பல் பலகைகளின் இடுக்கில் பூசும் பிசின். கீல் என்றால் மூட்டும்தான், கீல்வாதம் என்கிறோமே. ஆக நாம் பேசிக்கொண்டிருப்பது கீலில் பூசிய கீலைப் பற்றி. பாலத்துக்கு மூட்டுவலி வந்தால் பூச்சையும் பார்க்க வேண்டும், மூட்டையும் பார்க்க வேண்டும்.

30 ஜூலை 2023

சான்றிதழ் வந்துவிட்டது. மென்மையாகும் நிலை 88 டிகிரி. என் முதல் குறிப்பில் மட்டமான தார் என்று அடித்துச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வாங்கிய பொருள் நல்ல பொருள்.

ஆனால் சான்றிதழ் மூட்டைக்கு வழங்கப்பட்டது, கொப்பரைக்கு அல்ல. சிக்னல் பக்கத்து மேட்டைச் செதுக்கியபோது ஜல்லி கலவாத தார்க்கட்டி ஒன்று கிடைத்தது. நண்பர் அதை ஒரு கல்லூரிப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். பித்தளை வளையத்தில் தாரை நிரப்பி, மேலே மூன்றரை கிராம் எஃகுக் குண்டை வைத்து, நிமிடத்துக்கு ஐந்து டிகிரி வீதம் சூடேற்றுவார்கள். குண்டு தாரை இழுத்துக்கொண்டு 25 மி.மீ. இறங்கித் தட்டைத் தொடும் வெப்பமே விடை. 50 தாண்டியது, அசையவில்லை. 60இல் தாரின் அடிவயிறு லேசாகப் பிதுங்கியது. 66இல் இரண்டு குண்டுகளும் ஒரு நொடி முன்பின்னாக இறங்கிவிட்டன.

88 எப்படி 66 ஆனது? அந்த வேலை இரண்டு இரவுகள் நடந்திருக்கிறது. முதல் இரவு கம்ப்ரசர் பழுது. கொப்பரையில் மிஞ்சிய தாரை அப்படியே ஆறவிட்டு மறுநாள் நெருப்பு மூட்டி உருக்கினார்கள் என்று அங்கே தேநீர்க் கடை வைத்திருப்பவர் நண்பரிடம் சொல்லியிருக்கிறார். நல்ல கொப்பரைக்கு இரட்டைச் சுவர் இருக்கும். இடையில் எண்ணெய் ஓடும், நெருப்பு தாரை நேரடியாகத் தொடாது. கடைக்காரர் பார்த்தது ஒற்றைச் சுவர் டிரம், அடியில் சீறும் பர்னர்.

எஸ்.பி.எஸ். தாரைத் தாங்கும் விதம் இதுதான். அதன் மூலக்கூறுகளின் முனைகள் ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டு, இடையே உள்ள மென்மையான இழைகள் வலைபோலத் தாரைப் பிடித்துக்கொள்கின்றன. 180 டிகிரி அளவில் முடிச்சுகள் அவிழும், தார் ஓடும். ஆறினால் மறுபடி முடிச்சு விழும். ஆனால் அளவு மீறிச் சூடாக்கினாலும், நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் இழைகளே அறுந்துபோகும். அறுந்த வலை ஆறினாலும் சேராது. பார்வைக்கு அதே கறுப்பு, அதே பளபளப்பு. நல்ல சரக்கை வாங்கி அடுப்பில் கெடுத்துவிட்டார்கள்.

களத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கொப்பரையிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு ஆற வைத்து, இரு விரலால் இழுத்து விடுங்கள். நல்ல தார் சுருண்டு திரும்பும். கெட்டது இழுத்த நீளத்திலேயே தொங்கும். பரிசோதனைக் கூடத்தில் இதையே 10 செ.மீ. இழுத்து, நடுவில் வெட்டி, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறார்கள். விரல் சோதனை அதற்கு ஈடாகாது, ஆனால் இரவு ஒரு மணிக்கு ஊற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க விரல்தான் கையில் இருக்கிறது.

31 ஜூலை 2023

நேற்று விட்டுப்போனது. கொப்பரைக்கு வெப்பமானி வைத்து, கால்மணிக்கு ஒருமுறை ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு குயர் நோட்டு.

5 ஆகஸ்ட் 2023

ஐரோப்பாவில் இதே வகை இணைப்புகள் நன்றாக உழைக்கின்றனவே என்று கேட்கிறார்கள். அங்கே பெரிய பயம் குளிர். உறைநிலைக்குக் கீழே தார் கண்ணாடிபோல விறைத்து வெடிக்கும். அதனால் மென்மையான கலவையாகத் தேர்ந்தெடுப்பார்கள். சென்னையில் மார்கழி விடியலிலும் 20 டிகிரி அளவில்தான் நிற்கிறோம். குளிர்ச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கிய தாரை இங்கே கொண்டுவந்தால் அந்த மதிப்பெண்ணுக்கு வேலையே இல்லை. வெயிலுக்கு அது ஈடுகொடுக்குமா என்பதே கேள்வி. இரண்டு எண்களும் ஒட்டிய தர முத்திரை, உதாரணமாகப் பி.ஜி. 76-10, இதற்காகத்தான் வந்தது. முதல் எண் தாங்கும் வெயில், இரண்டாவது தாங்கும் குளிர். சென்னைக்காரர்கள் முதல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஊட்டிக்காரர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு கொடுமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேம்பாலச் சாலையைப் புதுப்பிக்கும்போது இணைப்பின்மேலும் சேர்த்துத் தாரைப் போட்டு உருட்டிவிட்டுப் போவது. அடியில் இணைப்பு இருப்பதே தெரியாது. முதல் மழைக்கு முன்பே அந்தக் கோட்டில் வெடித்துக் கட்டி கட்டியாகப் பெயரும். இரவில் அந்தக் கட்டியின்மேல் ஏறும் இருசக்கர வண்டிக்காரருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? என் தெருவில் ஒரு பையன் இப்படி விழுந்து முழங்கை உடைந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான். உருளை ஓட்டுகிறவரிடம் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால் போதும், நிறுத்திக்கொள்வார்.

19 செப்டம்பர் 2023

நடு இணைப்புக்கு வருவோம். அதை எப்போது போட்டார்கள் என்று கேட்டிருந்தேன். விடை: 2022 மே, பகலில், போக்குவரத்தைத் திருப்பிவிட்டு. இதைத்தான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

மே மாதப் பகலில் தளம் முழுக்க விரிந்து, இடைவெளி மிகக் குறுகி இருக்கும். அப்போது ஊற்றிய தாருக்கு வாழ்நாள் முழுவதும் இழுப்புதான், அமுக்கமே கிடையாது. வருடம் சுற்றி வந்தால் 20 மி.மீ. அளவுக்கு அதை ஒரே திசையில் இழுக்கிறோம். நடுவாந்தர வெப்பத்தில் போட்டிருந்தால் பத்து இப்படி, பத்து அப்படி என்று பிரிந்திருக்கும். வரம்பு 25 என்று நான் மே மாதம் எழுதியதைப் படித்தவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவும்.

அரை மீட்டர் அகலத்தில் 20 மி.மீ. என்றால் நான்கு சதவீதம்தானே, அதற்கா ரப்பர்த் தார் கிழியும் என்று தோன்றலாம். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இழுப்பு அரை மீட்டருக்கும் சமமாகப் பரவுவதில்லை. தகட்டின் ஓரங்களிலும், பழைய சாலையோடு ஒட்டும் செங்குத்து விளிம்பிலும் போய்க் குவிகிறது. விளிம்பில் ஒட்டு பலவீனமாக இருந்தால் தார் இழுபடவே வேண்டியதில்லை, உரிந்து வந்துவிடும்.

நம் நடு இணைப்பில் உரிந்த துண்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. தாரின் வலிமை குறையவில்லை, இழுத்தால் இன்றைக்கும் திரும்புகிறது. ஆனால் விளிம்பைத் தொட்ட முகத்தில் திருநீறு பூசியதுபோல வெளிர் சாம்பல் நிறம். விரலை வைத்தால் மாவாக ஒட்டுகிறது. வாளால் அறுக்கும்போது தண்ணீரும் கல்மாவும் சேர்ந்த சேறு விளிம்பில் படியும். அதைக் கழுவித் துடைத்துச் சூட்டுக்காற்றால் உலர்த்தாமல் ஊற்றியிருக்கிறார்கள். தார் சாலையோடு ஒட்டவில்லை, அந்த மாவோடு ஒட்டியிருக்கிறது.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து ஐந்து நாளாகிறது. இன்றுதான் அந்தப் பக்கம் போக முடிந்தது. மேலே பார்த்தால் எல்லாம் கழுவிவிட்டதுபோல இருக்கிறது. கீழே இறங்கிப் பாருங்கள். முனைத் தாங்குசுவர்கள் இரண்டும் காய்ந்து கிடக்கின்றன. பள்ளம் விழுந்த அந்தச் சிக்னல் பக்கத்து இணைப்புகூடச் சொட்டு நீர் விடவில்லை. நடுத்தூணில் மட்டும் தலையிலிருந்து தரைவரை துருநிறத்தில் நீர் வழிந்த இரண்டு கோடுகள். தூண் தலையில் சேறு, ரப்பர் தாங்கிகளைச் சுற்றித் தண்ணீர்.

பள்ளம் எல்லோர் கண்ணிலும் படும், எல்லோரும் புகார் கொடுப்பார்கள். மயிரிழைப் பிளவு யார் கண்ணிலும் படாது. பாலத்துக்குப் பெரிய கேடு அந்தப் பிளவால்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை எழுதும்போது கோபம் அடங்கவில்லை.

வாகனக்காரர்களுக்குச் சிக்னல் பக்கம்தான் ஆபத்து, மறுக்கவில்லை. பள்ளத்தில் தேங்கும் நீருக்கு அடியில் கல் மறைந்து தார் பிதுங்கிய பரப்பு, ஈரத்தில் வழுக்கும். இரண்டையும் சரிசெய்ய வேண்டும், ஆனால் வேறு வேறு விதமாக.

14 ஜனவரி 2024

போகி. விடியற்காலை ஐந்தரை, ஊரெல்லாம் புகை. நண்பரும் நானும் ஏணியோடு போனோம். சுவரில் ஜூன் மாதம் எழுதியது மழைக்கும் அழியாமல் இருந்தது: 212. டார்ச் வெளிச்சத்தில் மூன்று தடவை அளந்தோம். 228, 228, 228.

ஜூன் பிற்பகலுக்கும் ஜனவரி விடியலுக்கும் 16 மி.மீ. இந்தப் பாலம் டிகிரிக்கு 0.72 மி.மீ. அசையும், ஆக தளம் 22 டிகிரி குளிர்ந்திருக்கிறது. நான் வைத்துக்கொண்ட 30 சற்றே தாராளம். கணக்கு 21.6, ஆணி சொல்வது 16. இருந்தாலும் பிளவில் இப்போது என் சுண்டுவிரல் நுனி நுழைகிறது.

பொறியாளரிடம் நண்பர் கொடுக்கப்போகும் கடிதத்துக்கு நான் சொன்னது இது. நடு இணைப்பில் தாரை எடுத்துவிட்டு, இரும்பு விளிம்புகளுக்கு நடுவே ரப்பர் பட்டை கோத்த இணைப்பு. அது 70 மி.மீ. வரை அசையும், அங்கே அதுதான் தகும். முனை இணைப்புகள் இரண்டும் தாராகவே இருக்கட்டும், 10 மி.மீ. அசைவுக்கு நல்ல தார் தாராளமாகப் போதும். சிக்னல் பக்கத்தை மட்டும் பிப்ரவரிக்குள், இரட்டைச் சுவர்க் கொப்பரையில், இரவு பத்துக்கு மேல் மறுபடி போட வேண்டும். நிற்கும் கோட்டை இணைப்பிலிருந்து பத்து மீட்டர் பின்னால் தள்ளி வரையும்படி போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு நகல்.

28 ஜனவரி 2024

நிற்கும் கோட்டை நேற்று இரவே மாற்றி வரைந்துவிட்டார்களாம். மற்ற இரண்டுக்கும் மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள். வேலை நடக்கும் இரவு தெரிந்தால் எழுதுங்கள், வெப்பமானியோடு வருகிறேன்.